சந்திரனில் அலறிய பெண்

ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம். சென்னையிலிருந்து கப்பலில் வரும் ஒரு மாதப் பத்திரிகை, எங்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே பிரதி. ஞாயிறு மத்தியானம் லான்மடா பகுதியில் இருந்த என் அறையில் கூடுவோம். எல்லோர் முன்னிலையிலும் உறையைக் கிழித்து உரக்கப் படிப்பது என் வேலை. கேட்பவர்களில் பலர் மில் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவர்கள். விஞ்ஞான சாஸ்திரக் கதை என்றால் மீன்சாறு ஊற்றிய மொகிங்காக் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள்.

அந்த மாதக் கதையை எழுதியவன் நான். புனைபெயர் என்பதால் யாருக்கும் தெரியாது. இவர்களுக்குப் பிடித்தால் சொல்லிவிடுவது, பிடிக்காவிட்டால் எழுத்தையே தலைமுழுகிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். சந்திரனுக்குப் போகும் யந்திரம், அதில் ஒரு வாத்தியாரும் அவர் மகளும். அங்கே காற்றுமில்லை, சத்தமுமில்லை. அந்த நிசப்தத்தை எழுதத்தான் ஆறு மாதம் முட்டிமோதினேன்.

உறையைக் கிழித்ததும் அட்டைப்படத்தைப் பார்த்தேன். பல்லும் நகமுமாக ஒரு பூதம், அதன் பிடியில் புடவை நழுவிய ஒரு பெண். அட்டைதானே, தொலையட்டும் என்று படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் மகள் கதவைத் திறந்து வெளியே குதித்தாள். நான் அப்படி எழுதவே இல்லை! பூதம் பாய்ந்தது. அவள் போட்ட கூச்சல் மலையெல்லாம் எதிரொலித்ததாம். அதையும் என் வாயாலேயே படித்தேன். பத்திராதிபர் புகுந்து விளையாடியிருந்தார்.

"நிறுத்துங்க கிராணியாரே," என்றார் பாய்லர் பார்க்கும் அண்ணன். "காத்தே கிடையாதுன்னு இப்பத்தானே படிச்சீங்க? காத்தில்லாத எடத்துல கூச்சல் எப்பிடிக் கேக்கும்? எழுதினவன் எந்த மடையன்?"

"நம்ம காதுல பூச்சுத்தப் பாக்குறான்!" என்றார் இன்னொருவர்.

இந்த ஆள் இனி எழுதவே கூடாது என்று பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் போட முடிவாயிற்று. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அந்த வேலையும் என் தலையிலேயே விழுந்தது. 'மடையன்' என்ற சொல்வரை எழுதினேன். அதற்குமேல் மானம் தாங்கவில்லை.

"அந்த மடையன் நான்தான்," என்றேன். "ஆனா பூதம் என்னோடதில்லை. பத்திராதிபர் சேர்த்தது."

ஒருவரும் நம்பவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து கைப்பிரதியை எடுத்துப் போட்டேன். அடித்தல் திருத்தல்களைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். "அப்ப நீங்க எழுதினதைப் படிங்க, கேப்போம்," என்றார் பாய்லர் அண்ணன்.

படித்தேன். சாம்பல் நிற மலைகள், கறுத்த வானம், கண்ணாடிக்குப் பின்னால் உதடு மட்டும் அசையும் மகள். அறையில் ஒரு செருமல்கூட இல்லை. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசித் தாளுக்கு வந்தபோது பாய்லர் அண்ணன் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க கிராணியாரே. கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பூதம் எப்ப வரும்?"

திட்டத்தான் வாயெடுத்தேன். மற்ற எட்டுப் பேரும் அதே பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.