வலிக்குதுன்னா கை தட்டுறாங்க

அசெம்பிளி லைன்ல நாள் முழுக்க நிக்கறது ஒரு தொழில். அப்படி நின்னு நின்னு வந்த வலியை அடுத்தவனை நம்ப வைக்கறது அதை விட கஷ்டமான தொழில், அதுக்கு லீவும் கிடையாது.

இடுப்புல ஒரு கையை வெச்சுக்கிட்டே இதைப் படிக்கற சொந்தங்களே, உங்களுக்கு இருக்கறது ஒரே கஷ்டம். எனக்கு ரெண்டு. நான் மிமிக்ரி பண்றவன். ஓசூர்ல ஒரு கம்பெனியில கியர்பாக்ஸ் லைன்ல இருக்கேன். மேனேஜர்ல இருந்து கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் எல்லார் குரலும் எனக்கு வரும், எல்லார் நடையும் வரும். திருநெல்வேலிக்காரர் மாதிரி திட்டுவேன், அத்திப்பள்ளிக்காரர் மாதிரி சமாதானம் பண்ணுவேன். இப்படிப்பட்டவன் போய் "ஐயோ இடுப்பு"ன்னா எவன் நம்புவான்?

கேக்காம கிடைச்ச கைதட்டல்

ஒரு நாள் கியர்பாக்ஸோட இரும்புக் கூட்டை ட்ராலியில இருந்து தூக்கி மேடையில வைக்கணும். தினமும் தூக்கறதுதான். குனிஞ்சேன், தூக்கினேன், வெச்சேன். நிமிரப் போனா இடுப்புல யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டு திருப்பின மாதிரி ஒரு பிடி. அப்படியே நின்னுட்டேன், பாதி குனிஞ்ச மாதிரி, வாயைத் திறந்த மாதிரி.

லைன்ல முதல்ல ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. நாலு பேர் கை வேற தட்டினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி. அதைப் பாத்து இன்னும் ஜாஸ்தியா தட்டினாங்க. பக்கத்து ஸ்டேஷன்ல இருக்கற சேலத்துக்காரர் மட்டும் சிரிக்கல. தலையைச் சாய்ச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு சொன்னாரு: "சென்றாயா, எல்லாம் சரி, அந்த வாயை மட்டும் மூடிக்கோ. கேன்டீன் மாஸ்டர் இப்படியா வாயைத் திறப்பாரு?"

படத்துல ஒண்ணுமில்ல

மாசம் போயும் வலி போகல. ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, பெருசா ஒண்ணுமில்ல, இந்த வயசுக்கு எல்லாருக்கும் இருக்கற தேய்மானம்தான்னு சந்தோஷமா சொன்னாரு. ஊர்ல நல்ல சேதி கேட்டு அழுதவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ஏதாவது ஒரு எலும்பு நகர்ந்திருந்தா கூட நாலு பேர்கிட்ட காட்டலாமில்ல?

வீட்டுக்கு வந்தா மாதம்மா, என் சம்சாரம், அந்தப் படத்தை ஜன்னலோரம் வெச்சு மேலயும் கீழயும் பாத்தா. கல்யாணம் ஆனதுல இருந்து என் பொய் எல்லாத்தையும் கண்டுபுடிச்சவ. அன்னிக்குக் காலையிலதான் தண்ணி கேனைத் தூக்க முடியாதுன்னு சொல்லியிருந்தேன். முதல் நாள் அதே கேனை சிரிச்சுக்கிட்டே தூக்கினதையும் அவ பாத்திருந்தா. இந்த வலி ஒரு நாள் ஊருக்குப் போயிடும், மறுநாள் சொல்லாம கொள்ளாம திரும்பி வரும், அதுதான் அதோட குணம்னு அப்ப எனக்கே தெரியாது; அவளுக்கு நான் எப்படிச் சொல்றது? படத்தை மடிச்சு பீரோ மேல வெச்சுட்டு ஒரே கேள்வி கேட்டா: "ஏங்க, படத்துக்கே தெரியாத வலி உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரியுது?"

உக்காரச் சொன்னா நிக்கறவன்

எங்க சூப்பர்வைசர் இசக்கி சார் திருநெல்வேலி பக்கம். ஒரு கையை பேன்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, கொஞ்சம் நடப்பாரு, நிப்பாரு, கீழ கிடக்கற மரப்பலகை மேல ஒரு காலைத் தூக்கி வெச்சு, யாரையாவது மொறைப்பாரு. அந்தக் காலைத் தூக்கி வைக்கற கெத்துக்கே பாதி பேர் பயப்படுவாங்க. அவர் என்னை லைன்ல இருந்து எடுத்து பார்ட்ஸ் செக் பண்ற மேஜைக்குப் போட்டாரு. மேஜை, ஒரு ஸ்டூல், தலைக்கு மேல லைட். உக்காந்தே வேலை. கம்பெனியில எல்லாரும் கண்ணு வெச்சிருக்கற ஸ்டூல் அது.

பிரச்சனை என்னன்னா, எனக்கு உக்காந்தாத்தான் ஜாஸ்தி வலிக்குது. நின்னா கொஞ்சம் தேவலை, நடந்தா இன்னும் தேவலை. அதனால ஸ்டூலைத் தள்ளிட்டு நின்னுக்கிட்டே வேலை பாத்தேன். மேஜை உக்காந்து பாக்கற உயரம். நின்னா குனியணும், குனிஞ்சா மறுபடியும் பிடிக்கும். இருந்தாலும் ஸ்டூலுக்கு இது பரவால்ல. தூணுக்குப் பின்னாடி இருந்து இசக்கி சார் இதை எத்தனை நாள் பாத்தாரோ தெரியாது. ஒரு நாள் வந்தாரு, பலகை மேல காலைத் தூக்கி வெச்சாரு, என்னையும் காலி ஸ்டூலையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "உக்காருன்னா நிக்க, நில்லுன்னா வலிக்குன்னு சொல்லுத. ஒன்னய எங்கனதாம்ல வைக்க?"

சானமாவு யானை

மஞ்சுநாத் எங்க மெயின்டெனன்ஸ் ஆளு, அத்திப்பள்ளிக்காரன், பேச்சுல கன்னடம் கலந்து வரும், என் தோஸ்து. ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு அவன் வண்டியில ராயக்கோட்டை ரோட்டுல திரும்பி வர்றோம். சானமாவு காட்டுக்கிட்ட வண்டி எல்லாம் நிக்குது. மெதுவா இறங்கினேன், இடுப்பைப் புடிச்சுக்கிட்டு. அப்ப ரோட்டோரப் புதர் அசைஞ்சுது. யானை. உக்காந்தே வந்ததுல மூணு அடி நடக்க முனகினவன், மஞ்சுநாத்தையும் அவன் வண்டியையும் விட்டுட்டு, பின்னாடி நின்ன லாரி வரைக்கும் ஓடி, ஏறி, டிரைவர் மடியில உக்காந்துட்டேன்.

யானை எங்களைத் திரும்பிக் கூட பாக்காம ரோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் என்னால லாரியில இருந்து இறங்க முடியல. ரெண்டு பேர் இறக்கி விட்டாங்க. அந்த வாரம் முழுக்கப் படுக்கை. ஆனா கம்பெனிக்குப் போன சேதி ஓட்டம் மட்டும்தான், படுக்கை போகல. உசுருக்கு ஆபத்துன்னா உடம்பு வலியை ஓரமா தள்ளி வெச்சிட்டு, அப்புறமா மொத்தமா வசூல் பண்ணும்னு இப்ப தெரியும். அன்னிக்கு மஞ்சுநாத் என்னை வீட்டுல விட்டுட்டு வாசல்லயே நின்னு கேட்டான்: "தப்பா எடுத்துக்கப்பேடா குரு, யானையைப் பாத்தா ஓடிப் போற வலி என்ன வலி அது?"

மெஷினுக்கு வந்த பயம்

பிசியோதெரபி பண்ற அம்மா ஒருத்தங்க கிடைச்சாங்க. அவங்க மேலயும் எனக்கு சந்தேகம்தான். வலிக்குதுன்னு போனவனை நடக்கச் சொல்றாங்க, படுக்காதீங்கன்றாங்க. வேலையில நிக்கும்போது ஒரு காலை சின்னக் கட்டை மேல தூக்கி வைங்க, கால் மாத்தி மாத்தி வைங்க, இடுப்புக்கு சுகமா இருக்கும்னாங்க. பட்ட காயம் ஆறி இருக்கும், ஆனா நரம்பு இன்னும் ஆறலன்னு நினைச்சுக் கத்திக்கிட்டே இருக்கு. வலி நிஜம், ஆபத்துதான் நிஜம் இல்லன்னாங்க. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன், ஒண்ணும் ஏறல.

மறுநாள் எங்க பிரஸ் மெஷின் சும்மா சும்மா நின்னுச்சு. கை உள்ள போனா நிறுத்தறதுக்கு அதுல ஒரு சென்சார் உண்டு. கை போகாமலே நின்னுச்சு, தூசி பறந்தா நின்னுச்சு. எல்லாரும் மெஷினைத் திட்டினாங்க. மஞ்சுநாத் மட்டும் திட்டல. துடைச்சான், தட்டிப் பாத்தான், கொஞ்சம் கொஞ்சமா செட்டிங்கைக் குறைச்சான். நான் அந்த அம்மா சொன்னதை அவன்கிட்ட சொன்னேன். ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு என் இடுப்பையே பாத்தான். முதல் தடவை அவன் கண்ணுல சந்தேகம் இல்ல. "இது பொய் சொல்லல்ல குரு. இதுக்கு பயம் ஜாஸ்தி ஆயிடுச்சு, அவ்ளோதான்."

ஆயுத பூஜை

அந்த நேரத்துல ஒரு பேச்சு கிளம்புச்சு. பூஜை முடிஞ்சதும் லேசான வேலையில இருக்கறவங்களை எல்லாம் மறுபடியும் பாக்கப் போறாங்க, நிஜமா முடியாதவன் யாரு, நடிக்கறவன் யாருன்னு இசக்கி சார்தான் சொல்லணுமாம். திரும்ப ட்ராலிக்கிட்ட போனா நான் வேலையை விட்டுத்தான் ஆகணும், வேற வழியில்ல. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்னு கட்டி, பூசணிக்கா உடைச்சு, பொரி குடுத்ததும் என் மிமிக்ரி இருக்கும். பண்ணினா "ஆடறான் பாரு, வலியாம்"னு சொல்லுவாங்க. பண்ணலன்னா "நடிப்பைக் காப்பாத்தறான்"னு சொல்லுவாங்க. எப்படியும் போகப் போற வேலைதான், இசக்கி சாரையே பண்ணிட்டுப் போவோம்னு வீட்டு மாடியில ஒத்திகை பாத்தேன்.

பாக்கெட்டுல கை, கொஞ்சம் நடை, ஒரு நிறுத்தம், செங்கல் மேல ஒரு கால். இடுப்பு சுகமா இருந்துச்சு. சும்மா தோணுதுன்னு மறுபடியும் பண்ணினேன். மறுபடியும் சுகம். எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. இது கெத்து இல்லையே. அந்த அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்த வைத்தியமாச்சே இது! இவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?

பூஜை அன்னிக்கு மேடையில பண்ணினேன். காலைத் தூக்கி வெச்சதும் ஷெட்டே சிரிச்சுது. நான் காலை எடுக்காம, அவரையே பாத்துக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்னேன். முன்னாடி நின்னுக்கிட்டிருந்த இசக்கி சார் சிரிக்கல. பலகை மேல இருந்த தன் காலை மெதுவா கீழ இறக்கினாரு. மேடைப்படி இறங்கும்போது எனக்கு நிஜமாவே பிடிச்சுக்கிச்சு, கைப்பிடியைப் புடிச்சு அப்படியே மடங்கினேன். ஒன்ஸ்மோர் கேட்டாங்க. சேலத்துக்காரர் மட்டும் இது கொஞ்சம் ஓவர்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னாராம்.

கம்ப்ரசர் ரூம் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டிருந்தேன். இசக்கி சார் வந்தாரு. அன்னிக்கே வேலை போச்சுன்னு நினைச்சேன். அவருக்கும் பல வருஷமா இதே வலியாம். தெரிஞ்சா ரவுண்ட்ஸ் போற வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலையாம், வீட்டுல கூட. எனக்கு உக்காந்தா வலிக்குதுன்றது அவருக்கு முதல் நாளே புரிஞ்சிருக்கு. புரிஞ்ச மாதிரி காட்டினா, இவனுக்கு எப்படித் தெரியும்னு யாராவது கேப்பாங்களேன்னு பயந்துதான் மொறைச்சிருக்காரு. மறுநாளே ஸ்டூல் போயிடுச்சு. மேஜை காலுக்கு அடியில மரக்கட்டை குடுத்து, நிக்கற உயரத்துக்குத் தூக்கியாச்சு. கீழ ஒரு பலகை. நாள்ல நாலு தடவை பார்ட்ஸ் பாக்கற மாதிரி வந்து அது மேல காலை வெச்சு நிக்கறாரு, நான் இன்னொரு பக்கம். ஆனா அன்னிக்கு கம்ப்ரசர் ரூம் பின்னாடி நின்னு அவர் சொன்னது இதுதான்: "நான் காலத் தூக்கி வைக்கதத்தான் எல்லாவனும் பாத்தானுவ. ஏன் வைக்கேன்னு நீ பாத்துட்ட. மூச்சு விட்டுறாத, என்னா?"

ஆக, எங்க லைன்ல இப்ப வலிக்குதுன்னு சொல்லியும் யாரும் நம்பாதவன் ஒருத்தன், நம்பிடுவாங்களோன்னு பயந்து சொல்லாதவர் ஒருத்தர், ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பலகை.