நானா நேராக நின்ற நாள்

அன்றைக்குக் கிளினிக்கில் உம்மாவும் வாப்பாவும், நானா என்று நான் கூப்பிடும் அண்ணனும், நானும் இருந்தோம். வாப்பாவின் தம்பி சாச்சா இல்லை, கற்பிட்டிப் பக்கம் கடலுக்குப் போயிருந்தார். நானாவைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதால் அது பெரிய குறை.

நானாவுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. அவனுக்கு அறிவு வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று பிறந்தபோதே சொல்லிவிட்டார்கள். தராசில் ஏறுவது அவனுக்குப் பிடிக்கும்; எண்கள் ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் உயரம் அளக்கும் பலகை தலைக்கு மேலே இறங்கி வருவதைக் கண்டால் அலறுவான். அழவைப்பானேன் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் நிறையை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினோம். நிறை ஏறிக்கொண்டே போனது. உம்மாவுக்கு அதில் தனிப் பெருமை.

புதிதாக வந்திருந்த தாதி விடவில்லை. “இவர் வளர்றாரா, சும்மா ஊதுறாரா எண்டு உயரத்தைப் பார்த்தாத்தான் தெரியும்.”

“என்ட புள்ள ஊதுறானா?” உம்மாவின் முகம் மாறிவிட்டது.

நானா பலகையைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாப்பா டொபி காட்டினார். அதை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

“ஜும்ஆவில மட்டும் எப்படி நேரா நிக்கிறான்?” என்றார் உம்மா. “நீங்க ரெண்டு பேரும் ஸப்புல நிக்கிற மாதிரிப் போய் நில்லுங்க.”

“இஞ்சயா தொழுற?” என்றார் வாப்பா.

“தொழச் சொல்லல்ல. நிக்கத்தான் சொன்ன.”

பலகைக்கு அந்தப் பக்கம் வாப்பாவும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். தொழுகை வரிசையில் இடைவெளி கிடந்தால் நானாவுக்குப் பொறுக்காது. பள்ளிவாசலில் பெரிய மனிதர்களையே இழுத்து நெருக்கி நிறுத்துகிறவன். எழுந்து வந்து எங்கள் நடுவில் புகுந்தான். என் குதிகாலைத் தட்டிச் சரிசெய்தான். பிறகு நிமிர்ந்து நின்றான். தாதி பலகையை இறக்கினார். அது தலையைத் தொட்ட கணத்தில் நானா முழங்காலில் கைவைத்து ருகூவுக்குக் குனிந்துவிட்டான்.

“எழும்புவாரா?” என்றார் தாதி கலவரத்துடன்.

“எழும்பாம? முறை தெரிஞ்சவன்” என்றார் வாப்பா.

எழும்பினான். இந்த முறை தாதியின் கை முந்திக்கொண்டது.

கடைசியாக அளந்தபோது இருந்த உயரமேதான் இப்போதும் இருந்தது. கையோடு என்னையும் அளந்தார்கள்; நானாவை விட ஒரு விரல் கூட!

“வாப்பா, நானாவ முந்திட்டேன்!” என்று குதித்தேன். நானா எனக்காகக் கைதட்டினான். வாப்பா சிரிக்கவில்லை. நான் பெருமையடித்தது பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

இரத்தம் சோதித்தார்கள். தைரொய்ட் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். தினமும் வெறுவயிற்றில் ஒரு குளிசை. அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் நானாவின் காற்சட்டைகள் குட்டையாகிவிட்டன.

எங்கள் வீட்டில் முதலில் படித்து வந்தவன் நான். இப்போது நானாவைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் கற்பிக்கிறேன். என் வகுப்பில் உயரம் அளக்கப்படாத பிள்ளை கிடையாது. யாராவது மறுத்தால் மற்றவர்களைப் பக்கத்தில் நிறுத்துவேன். நான் முந்தவில்லை, அவன்தான் நின்றுபோயிருந்தான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. சோதனையும் குளிசையும் அரசாங்கத்தில் இலவசம். பலகையைக் காட்டி அழவைக்க வேண்டாமென்று நாங்கள் பட்ட இரக்கத்துக்குத்தான் விலை இருந்தது: நானாவின் இரண்டு வருட வளர்ச்சி.