மிஷினை நிறுத்திய வீடு

"வீடா இது? ஆள் இருக்கிற வீட்டுல ஒரு சத்தம் வேணாமா?"

தையல்காரம்மாவின் தினப்படிப் புலம்பல் இது. காலையில் பால் காய்ச்சும்போது ஆரம்பித்தால் விளக்கை அணைக்கிறவரை ஓயாது. கேட்கிறவர்களுக்கு எரிச்சல்தான் வரும். அந்த வீட்டில் சத்தத்துக்குப் பூட்டுப் போட்டதே அவள்தானே.

அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்குக் கணக்கில் அபார மூளை. "இது சாதாரணப் பிள்ளை இல்லைம்மா, பாத்து வளக்கணும்" என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு அது சின்னவளின் வீடாகிவிட்டது. அவள் புத்தகத்தைத் திறந்தால் தையல் மிஷின் நிற்கும். அவசரத் துணி என்றால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையால் தைப்பாள் அம்மா. விசில் அடிக்கிற குக்கர் பரணுக்குப் போனது. அப்பா டி.வி.யை ஊமைப்படமாகப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பெரியவள் வேறு ரகம். அவள் சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். அதனால் அதிகம் அடிபட்டதும் அவள்தான். வாயைத் திறந்தாலே அம்மாவின் விரல் உதட்டுக்குப் போய்விடும்.

மருந்துக்கடையில் வேலை கிடைத்த அன்று மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா..." என்றாள். தையல்காரம்மா கைத்தையலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஷ்ஷ். அவ படிக்கிறா."

பெரியவள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வேலை கிடைத்த சேதியைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் பெற்றவள் தெரிந்துகொண்டாள்.

சின்னவள் மேல்படிப்புக்கு வெளிநாடு போனாள். பெரியவள் கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கிறாள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொண்டுவந்து மேசையில் வைப்பாள்.

"செத்த உட்காரேண்டி. ஏதாவது பேசு."

"என்னத்தம்மா பேச? பழக்கமில்ல."

போன மாதம் தையல்காரம்மா சின்னவளிடம் போனில் அழுதுவிட்டாள். "உனக்காகத்தானேடி மிஷினை நிறுத்தினேன்."

"நான் கேக்கவே இல்லையேம்மா. மிஷின் ஓடினா நிம்மதியா படிப்பேன். அது நின்னாத்தான் பயமா இருக்கும். எல்லாரும் எனக்காக மூச்சை அடக்கிட்டு இருக்கீங்க, நான் தோத்துட்டா என்ன ஆகும்னு."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் பெரியவள் வரும் நேரம் பார்த்து மிஷினை ஓட்டுகிறாள். துணி இருக்காது, ஊசியில் நூலும் இருக்காது. முதல் நாள் அதைக் கேட்டு வாசலிலேயே நின்ற பெரியவள், "யாரும் படிக்கலையாம்மா?" என்றாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று பெற்றவளுக்கு விளங்கவில்லை.

தபால் ஆபீசுக்குப் பின்னால், நீலக் கதவு போட்ட வீடு. கிழிந்த துணி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். படியேறும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். சாயங்காலம் போனால் பெரியவளும் இருப்பாள். அவளைச் சிரிக்க வைக்க உங்களால் முடியுமா என்று பாருங்கள்.