பதில் சொல்வது யார்

எங்கள் டீமில் ஆறு பேர். நான்கு பேர் சென்னை. நானும் அவனும் தென்காசிப் பக்கம். கொரோனாவில் ஊருக்கு வந்த நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் போகவில்லை, கம்பெனியும் கூப்பிடவில்லை. நான் தென்காசியில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து வேலை பார்த்தேன். அவன் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தான். சொந்த ஊர் வடகரை. அப்பாவுக்கு வயல், அண்ணன் போலீஸில். என்னைவிட மூன்று வயது சின்னவன் என்று தெரிந்ததும் முதல் நாளே "யக்கா" என்று ஆரம்பித்துவிட்டான். ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டிங்கின் நடுவே அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் ஊர்ச் சத்தத்தில் விழும். சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல் ஓட்டலாம். அவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அவற்றை உண்டாக்கி, நடத்தி, நிறுத்துகிற சாஃப்ட்வேரைத்தான் எங்கள் கம்பெனி விற்கிறது. அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களை எழுதுவது எங்கள் பாடு. ஒவ்வொரு டெஸ்டும் ஒரு மெஷினை உண்டாக்கும். எழுந்துவிட்டாயா என்று அதைக் கேட்கும். உள்ளே போய் எதையாவது செய்து பார்க்கும். முடிந்ததும் அழித்துவிடும். நாள் முழுக்க ஆளில்லாமல் இது நடந்துகொண்டே இருக்கும்.

ஆறு பேரும் இதை ஆறு விதமாக எழுதி வைத்திருந்தோம். ஒருவர் மெஷினை எழுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருப்பார். இன்னொருவர் ஐந்து விநாடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருப்பார். ஒருவர் அழிக்கவே மறந்திருப்பார். இதையெல்லாம் ஒரே இடத்தில், எல்லோரும் கூப்பிட்டுப் பயன்படுத்துகிற பொதுவான சின்ன புரோகிராம்களாக, அதாவது ஹெல்பர்களாக, எழுத வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். எழுப்புவதற்கு ஒரு ஹெல்பர், காத்திருக்க ஒன்று, ரீஸ்டார்ட் செய்ய ஒன்று, அழிக்க ஒன்று. வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு. ரீஸ்டார்ட் ஹெல்பரை மட்டும் அவனிடம் கொடுத்தேன்.

நான் சொன்னபடி எழுதினால் அது ஐந்தாறு வரி. ரீஸ்டார்ட் ஆகச் சொல், பதில் வரும்வரை கேள், பதில் வந்ததும் திரும்பு. அவன் எழுதியது ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் மெஷின் தனக்குள் புதிதாக ஒரு எண்ணை உண்டாக்கிக்கொள்ளும். அவன் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகும் வாங்கி, இரண்டும் வேறாக இருந்தால்தான் எழுந்துவிட்டது என்று நம்பினான்.

அந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி.

"இது எதுக்கு? பதில் வந்தா போதாதா?" என்றேன்.

"யக்கா, பதில் சொல்லுதது யாருன்னு தெரிய வேண்டாமா? ரீஸ்டார்ட் ஆகுன்னு சொன்ன உடனேயே அது படுத்துராது. நாலஞ்சு விநாடி இருக்கும். அதுக்குள்ள இருக்கியான்னு கேட்டா, இருக்கேன்னுதான் சொல்லும். போகப்போற மெஷின் சொல்லுத பதில வச்சிக்கிட்டு நாம, அது எந்திச்சிட்டுன்னு நினைச்சிரக்கூடாதுல்லா?"

"அதெல்லாம் லட்சத்துல ஒண்ணு நடக்கும். ஹெல்பர்னா சின்னதா, படிச்ச உடனே புரியணும். இத வாசிக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. எல்லாருக்கும் சேத்துதான் எழுதுதோம், உனக்காக மட்டும் இல்ல."

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. ஸ்கிரீனில் இருந்த ஐந்து சதுரங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. அவன் "சரி யக்கா, எடுத்திருதேன்" என்றான். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டான். பிறகு தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன். புது வெர்ஷன் ரிலீஸ் வேலையில் அடுத்த இரண்டு நாள் மீட்டிங்கும் இல்லை. பேசவில்லை.

வியாழக்கிழமை காய்ச்சல் என்று மேனேஜரிடம் லீவு சொன்னான். சாரல் பிடித்திருந்த நேரம், குற்றாலத்தில் பாதி வீடுகளில் காய்ச்சல்தான். வெள்ளி மத்தியானம் நான் வாட்ஸ்அப்பில், "எப்படி இருக்க? ஓகேவா?" என்று கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: "ஓகே யக்கா." கட்டைவிரலைத் தூக்கிய படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். என் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்கு ஸ்கூட்டியில் இருபது நிமிடம்.

ஞாயிறு காலை அவன் நம்பரிலிருந்து போன். "என்னப்பா, காய்ச்சல் விட்டுட்டா?" என்றேன்.  வேறு ஒரு குரல், "நான் அவன் அண்ணன் பேசுதேன்" என்றது. டெங்கு என்று தென்காசியில் சேர்த்து, அங்கே முடியாது என்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதிகாலையில் போய்விட்டான். "போன்ல கடைசியா பேசினவங்க எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.

வடகரைக்குப் போனேன். கூட்டத்துக்குள் அவன் மனைவியைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. என்னை அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் போகாமலே திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்கு உட்காரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவனிடமிருந்து மெயில் வந்தது.

டெஸ்ட்களின் முடிவைத் தினமும் அனுப்புவதற்கு அவன் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அதைக் கம்பெனி சர்வரில் தன் கணக்கில் ஓட விட்டிருந்தான். எனக்கு அது தெரியும். ஆனாலும் இன்பாக்ஸில் மேலே அவன் பெயர் தடித்த எழுத்தில் நின்றபோது கை மவுஸின் மேலேயே இருந்துவிட்டது. "காலை வணக்கம். இன்றைய முடிவுகள்" என்று அவன் எழுதி வைத்த வரி. கீழே பச்சையும் சிவப்புமாக அட்டவணை. அவன் பெயரின் முதல் எழுத்துகளைத் தங்கள் பெயரில் தாங்கி டெஸ்ட் மெஷின்கள் பிறந்துகொண்டும் அழிந்துகொண்டும் இருந்தன. அவன் போன மறுநாளும் அவை பிறந்திருந்தன.

மேனேஜர் நான்கைந்து நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த மெயில வேற பேருக்கு மாத்திடுங்க. டீம்ல ஒருத்தருக்கு அதப் பார்த்தாலே கஷ்டமா இருக்காம்" என்றார். மாற்றிவிடுகிறேன் என்றேன். இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை. தினமும் எட்டேகாலுக்கே காபியோடு மாடிக்கு ஏறி, மெயில் வருவதற்காக உட்கார்ந்திருப்பேன். வந்ததும் நெஞ்சு திக்கென்று இருக்கும். அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேனோ என்று தோன்றும்.

ஆறு வாரம் போயிற்று. ஒரு வாடிக்கையாளரிடம் எங்கள் சாஃப்ட்வேர் சொதப்பியது. ரீஸ்டார்ட் ஆன மெஷின்கள் நெட்வொர்க் இல்லாமல் எழுந்தன. அதைப் பார்ப்பதற்கென்றே எங்களிடம் டெஸ்ட் உண்டு, தினமும் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. எப்படி என்று மூன்று நாள் தோண்டினேன். மூன்றாம் நாள், நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் ஃபைலில் விநாடிக் கணக்குகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. ரீஸ்டார்ட் ஆகச் சொன்ன அடுத்த விநாடியே "இருக்கேன்" என்று பதில் வந்திருந்தது. ஹெல்பர் அதை நம்பித் திரும்பிவிட்டது. டெஸ்ட் உள்ளே போய் எல்லாவற்றையும் சரிபார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வெளியே வந்த பிறகுதான் மெஷின் படுத்திருந்தது. அது பிறகு எப்படி எழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டதால் அழித்திருந்தோம்.

லட்சத்தில் ஒன்று இல்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும்.

அவன் அழித்த பக்கம் எங்கேயும் போய்விடவில்லை. இந்த வேலையில் எழுதியது எல்லாம் பழைய வடிவங்களாகச் சேர்ந்து கிடக்கும். தேடி எடுத்தேன். நீக்கியதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும் என்பது விதி. "அக்கா வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கிண்டலா, நம்பிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் கம்பெனியிலிருந்து அவன் லேப்டாப்பைத் திரும்பக் கேட்டார்கள். நீங்கள் பக்கத்தில்தானே, வாங்கி கூரியரில் போட முடியுமா என்றார்கள். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போனேன். சீசன் கூட்டம், ரோடு முழுக்க வேன்கள். ஈரத்துண்டோடு நடந்துகொண்டிருந்தவர்களுக்கு நடுவே ஊர்ந்துபோய்ச் சேர்ந்தேன்.

அவன் மனைவி கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும், "வாங்க மதினி" என்றாள். நான் யார் என்று சொல்லவே இல்லை.

"என்னயத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன. தெனமும் யக்கா யக்கான்னு உங்க பேச்சுதான் கேக்கும் இந்த ரூம்லருந்து. உங்க சத்தமும் வரும், ஸ்கிரீன்ல உங்க மூஞ்சியும் பாத்திருக்கேன்."

அப்படியானால் அந்தத் திங்கட்கிழமையும் கேட்டிருக்கும். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் மேசை அப்படியே இருந்தது. லேப்டாப் மூடியிருந்தது, சார்ஜர் செருகியிருந்தது, ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

"தெனமும் சாயங்காலம் சார்ஜ் போட்டு வைப்பேன். அவிய போன பொறவு இதுவும் செத்துப்போச்சுன்னா என்னமோ மாதிரி இருக்கும்" என்றாள்.

வந்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மீட்டிங்கில் நடந்தது, அவன் எழுதியதுதான் சரி என்று இப்போது தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டாள்.

"அன்னைக்கு சாப்பிடும்போது மூஞ்சி ஒரு மாதிரிதான் இருந்துச்சு. கேட்டேன். ஒண்ணுமில்லன்னாவ" என்றாள்.

"அதுக்கப்புறம் நான் பேசவே இல்லம்மா. வெள்ளிக்கிழமை மெசேஜ் போட்டேன். ஓகேன்னு சொன்னான். நானும் ஓகேன்னு விட்டுட்டேன். அன்னைக்கே வந்து பாத்திருந்தா..."

அவள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தேன். வெறுங்கையோடு திரும்பி வந்து நிலைப்படியிலேயே நின்றாள்.

"மதினி, அது அவிய போடல. நான்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"அவியளுக்குப் போனைப் பிடிக்கக்கூட முடியல அன்னைக்கு. அனத்திக்கிட்டுக் கெடந்தாவ. உங்க மெசேஜ் வந்துச்சு. முடியலன்னு போட்டா நீங்க போன் பண்ணுவீங்க, ஆபீஸ்லருந்தும் பண்ணுவாங்க, இவிய எந்திச்சு உக்காந்துருவாவன்னு பயம். மேல தள்ளிப் பாத்தேன். எப்பவும் 'ஓகே யக்கா'ன்னுதான் போட்டிருந்தாவ. அதயே போட்டேன். தூங்கட்டும்னு நினைச்சேன்."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"யாருகிட்டயும் சொல்லல. அவிய அண்ணன்கிட்ட சொல்லல, எங்க அம்மாகிட்ட சொல்லல. அந்த மெசேஜ நான் போடாம இருந்திருந்தா, நீங்க வந்திருப்பீங்க, ஒரு நாள் முன்னாடியே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பீங்கன்னு ஓடிக்கிட்டே இருக்கு. சரியா மதினி? வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். நிச்சயமாகத் தெரியும். முடியவில்லை என்று பதில் வந்திருந்தால், ரெஸ்ட் எடு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டு அதே நாற்காலியில்தான் இருந்திருப்பேன். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். சொல்வதற்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அவள் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன். என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

வீட்டைக் காலி செய்துவிட்டுச் சுரண்டையில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். லேப்டாப்பை அவளே பழைய துண்டில் சுற்றி ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். உள்ளே அவன் படங்கள் ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். கம்பெனி லேப்டாப்பில் படம் வைக்க மாட்டோம் என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் பையை நிறுத்திக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்த இரண்டு சொற்கள்தான் ஓடின. ஆறு வாரமாக அவன் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான் என்று வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் அவனுடையது இல்லை. அப்படிப் பார்த்தால் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது "சரி யக்கா, எடுத்திருதேன்."

தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கூரியர் கடை. கடைக்காரர் பையிலிருந்து துண்டைப் பிரித்து லேப்டாப்பைக் கையில் எடுத்தார். உடனே மேசையில் வைத்துவிட்டார்.

"மேடம், ஆன்ல இருக்கு போலுக்கே. சூடா இருக்கு. பேட்டரி ஓடிக்கிட்டிருந்தா எடுக்க மாட்டோம். ஆஃப் பண்ணிக் குடுங்க."

திறந்தேன். திரை கொஞ்சம் தயங்கி வெளிச்சமானது. அவன் முழுப் பெயர் வந்தது, அதன் கீழே பாஸ்வேர்டுக்கான வெற்றுக் கட்டம். அணைக்காமல் மூடி வைத்ததால், உள்ளே அவன் எதையோ பாதியில் திறந்து வைத்திருக்க வேண்டும். எனக்கு பாஸ்வேர்டு தெரியாது.

"கொஞ்ச நேரம் ஆகும் அண்ணாச்சி" என்றேன்.

"மெல்லப் பண்ணுங்க" என்று அவர் வேறு பார்சலை எடுத்து எடை போட ஆரம்பித்தார்.

பவர் பட்டனில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். விசிறிச் சத்தம் ஒருமுறை கூடியது. நான் விரலை எடுக்கவில்லை. திரை கறுத்த பிறகும் சிறிது நேரம் அப்படியே நின்றிருந்தேன்.