இருபத்து மூன்று படிவங்கள், ஒரே கையெழுத்து

அந்தச் சலவைக்கூடத்துக்குள் பேனா கொண்டு போகக் கூடாது. மருத்துவமனைகளிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் வெள்ளை விரிப்புகளோடு ஒரு பேனா தவறி இஸ்திரி உருளைக்குள் போய்விட்டால், அடுத்து வரும் பத்து விரிப்புகளிலும் நீலப் பட்டை விழும். அதற்காகவே சீருடையின் பைகளையெல்லாம் தைத்து மூடியிருந்தார்கள். பார்த்தால் பை இருக்கும், கையை விட்டால் தையல்தான் தட்டுப்படும். கொடுப்பது போலக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருக்கும் பழக்கம் அந்த நிர்வாகத்துக்குச் சட்டைப் பையிலிருந்தே தொடங்கியது.

ஆனால் ஒருத்தியிடம் மட்டும் பேனா இருந்தது. அதைக் கொண்டைக்குள் செருகி, மேலே தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருப்பாள். பிள்ளைக்குப் பள்ளியில் விடுப்புக் கடிதமா, வீட்டுக்காரருக்குக் குழாய் ஒழுகுகிறது என்று புகாரா, வங்கியில் எதையாவது நிரப்ப வேண்டுமா, எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். பெயரே பேனாக்கா என்று ஆகிவிட்டது. அவளுக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய். அவள் எழுத்து முத்து முத்தாக, உருண்டையாக, ஒரு கோட்டில் நிற்கும்.

அங்கே சூப்பர்வைசராக இருந்தவன் ஒரு காலத்தில் அவளோடு ஈரத்துணி மூட்டை தூக்கியவன். அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பேனா விஷயம் அவனுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டான். கண்டுகொள்ளாததற்குக் காரணம் இருந்தது. சுவரில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகளை எல்லாம் அவளிடம்தான் எழுதி வாங்குவான். 'கை கழுவிவிட்டு உள்ளே வரவும்.' 'உருளை அருகே விரல் கவனம்.' 'வேலை நேரத்தில் உட்காரக் கூடாது.' கடைசியாகச் சொன்னதை எழுதிய அன்று அவள் காலில் நரம்பு புடைத்து மூன்றாவது மாதம். தன் காலுக்கு எதிரான உத்தரவைத் தன் கையாலேயே அழகாக எழுதிக் கொடுத்தாள்.

இஸ்திரி உருளையில் தனியாக வேலை செய்ய முடியாது. விரிப்பின் ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, உதறி, ஒரே நேரத்தில் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும், மற்றவள் கை உள்ளே இழுபடும். அதனால் ஜோடியை மாற்ற மாட்டார்கள். பேனாக்காவின் ஜோடிக்குக் குருவி என்று பெயர். ஆள் சிறியவள், வாய் ஓயாது. ஒன்பது வருடமாக இருவரும் எதிரும் புதிருமாக நின்று அந்த வாய்க்குத் துணி கொடுத்தார்கள். குருவியின் இரண்டு பிரசவமும், அவள் மாமியார் சண்டையும், அவள் வீட்டு அரிசி எப்போது தீரும் என்பதும் பேனாக்காவுக்குத் தெரியும். போன வருடம் குருவியின் இடது முழங்கைக்குக் கீழே உருளை சுட்டுத் தோல் உரிந்தபோது, ஈரத்துணி சுற்றி மருத்துவரிடம் அழைத்துப் போனவளும் பேனாக்காதான். மருத்துவரிடம் காத்திருந்த மூன்று மணி நேரத்தை இரண்டு பேருக்குமே சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள்.

அங்கே சம்பளம் மணிக் கணக்கில். யாரையும் வேலையை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் அடுத்த வாரத்துக்கான நேரப் பட்டியல் ஒட்டுவார்கள். பிடிக்காதவளுடைய பெயருக்கு எதிரே ஆறு நாள் நான்காகும், நான்கு இரண்டாகும். பிறகு அவளாகவே வராமல் போய்விடுவாள். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை, காரியம் முடிந்துவிடும்.

பேனாக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் அறையில் ஒரு நாற்காலி. தையல் அறையில் ஒருத்திதான் வேலை பார்ப்பாள், மாதச் சம்பளம், உட்கார்ந்த வேலை. அங்கிருந்த அம்மாள் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள். "இனி நாளெல்லாம் நின்னீங்கன்னா இந்தக் கால் உங்களுக்கு இல்லைன்னு வெச்சுக்குங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "அந்த இடம் உங்களுக்குத்தான்க்கா, நான் மேல சொல்லிட்டேன்" என்று தம்பியும் சொல்லியிருந்தான். இரவில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்துக்கொண்டு அவள் அந்த நாற்காலியை நினைத்துக்கொள்வாள். முதுகில் ஒரு கட்டை உடைந்த பழைய நாற்காலிதான்.

அந்தச் சமயத்தில் புதிதாக வந்த மேனேஜர் அம்மாளுக்கு ஊழியர்களின் மனதை அறிய ஆசை வந்தது. ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். சம்பளம் பற்றி என்ன நினைக்கிறீர்கள், வேலைச் சூழல் எப்படி, எதை மாற்ற வேண்டும். பெயர் எழுத வேண்டாம், சாப்பாட்டு அறையில் இருக்கும் பெட்டியில் போட்டால் போதும்.

"தைரியமா எழுதுங்கக்கா. பேரே இல்லாதப்ப யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் தம்பி.

பேர் இல்லாவிட்டாலும் எழுத்து இருக்கிறதே என்று முதலில் யோசித்தவள் குருவி. வாசலில் விரல்ரேகை வைக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. வருடக் கணக்காகச் சூட்டுத் துணியைப் பிடித்துப் பிடித்து இவர்கள் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. நாலு தடவை வைத்தாலும், ஆள் தெரியவில்லை என்று சிவப்பு விளக்குதான் எரியும். அப்புறம் பதிவேட்டில் பெயரும் நேரமும் கைப்பட எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். அதனால் யாருடைய எழுத்து எப்படி இருக்கும் என்பது தம்பிக்கு அத்துப்படி.

"நாம எழுதினா மாட்டிக்குவோம். எல்லாத்தையும் அக்கா எழுதட்டும். அப்ப யாரு எதைச் சொன்னாங்கன்னு கடவுளுக்கே தெரியாது" என்றாள் குருவி.

அடடா, என்ன மூளை என்று எல்லோரும் அவள் முதுகில் தட்டினார்கள். மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் பேனாக்கா சாப்பிடவில்லை. ஒருத்தி சொல்லச் சொல்ல எழுதினாள். சீருடை மாற்ற ஆகும் பன்னிரண்டு நிமிடம் ஏன் கணக்கில் வருவதில்லை. இயந்திரத்துக்கு எங்கள் விரல் தெரியாததற்கு நாங்கள் என்ன செய்வோம், அந்த நேரத்தையும் ஏன் வெட்டுகிறீர்கள். கழிப்பறைக்குப் போக ஏன் கை தூக்கிக் கேட்க வேண்டும், நாங்கள் என்ன ஒன்றாம் வகுப்பா. குருவி தன் முறை வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டி, "இதை நல்லா எழுதுக்கா, வெட்டின மூணு மணி நேரத்தையும் சேத்து எழுது" என்றாள். பேனாக்கா நன்றாகவே எழுதினாள். கடைசியாகத் தன்னுடையதையும் சேர்த்து இருபத்து மூன்று. மொத்தம் இருபத்தாறு பேரில் மூன்று பேர் மட்டும் எல்லாம் திருப்தி என்று தாங்களே எழுதிப் போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவன், அதிகம் பேச மாட்டான். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"எல்லாமே உன் எழுத்துலயா?"

"ஆமா. யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது."

"அங்க செவுரு பூரா ஒட்டியிருக்கிறது யாரு எழுத்து?"

 பேனாக்காவின் கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. இருபத்து மூன்று பெண்கள், ஒன்பது பத்து வருடமாக அந்தச் சுவர்களுக்கு நடுவே நிற்பவர்கள், ஒருத்திகூடத் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்க்கவில்லையே. தங்களை மறைப்பதற்கு அந்தக் கட்டடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த கையைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

"போனாப் போகுது. எழுதினது நீயா இருந்தாலும் சொன்னது அவங்கதானே. ஆமா நாங்கதான் சொன்னோம்னு சொன்னா முடிஞ்சுது" என்றான் புருஷன். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். இருபத்து இரண்டு பேரையும் எப்படி வீட்டுக்கு அனுப்ப முடியும்? துணி மலையாகக் குவிந்துவிடுமே.

நான்காம் நாள் ஒவ்வொருத்தியாக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. குருவி போய்விட்டு வந்தபோது வாயே திறக்கவில்லை. ஒன்பது வருடத்தில் அந்த வாய் மூடி பேனாக்கா அன்றுதான் பார்த்தாள்.

பேனாக்காவைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அம்மாள் மேஜையில் படிவங்களைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பி வைத்திருந்தாள். பக்கத்தில் சுவரிலிருந்து பிய்த்தெடுத்த 'உட்காரக் கூடாது'. தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"எழுதினது நான்தான் மேடம். சொன்னது அவங்கவங்க."

"எல்லாரையும் கேட்டாச்சு. யாருமே நான் சொல்லலைங்கிறாங்க. பேனாக்காவே எழுதிப் போட்டுட்டாங்கன்னுதான் சொல்றாங்க."

பேனாக்கா அந்தப் படிவங்களில் ஒன்றை எடுத்தாள். "இதைப் பாருங்க மேடம். கை சுட்டதுன்னு எழுதியிருக்கு. என் கையில தழும்பு இல்லை. இருக்கிறவளைக் கூப்பிடுங்க, அவ சொல்லுவா."

குருவியைக் கூப்பிட்டார்கள். வந்தாள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்தாள். அந்தக் கூடத்தின் வெக்கையில் சட்டைக் கையை இறக்கிவிட்டு வேலை செய்யும் பைத்தியம் யாரும் கிடையாது.

"உங்களுக்கு இங்க வேலை செய்யும்போது கை சுட்டுச்சா?" என்று கேட்டாள் மேனேஜர் அம்மாள்.

குருவி தரையைப் பார்த்தாள். "இல்லீங்க மேடம். எனக்கு ஒன்னும் சுடலை."

"சட்டையைத் தூக்கிக் காட்டுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேனாக்காவுக்கு வாய் வரவில்லை. அவள் தம்பியைப் பார்த்தாள். அன்று மருத்துவரிடம் போக அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தவனே அவன்தான். அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அப்ப இருபத்தஞ்சு பேருக்கு இங்க ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு மட்டும்தான்" என்று மேனேஜர் அம்மாள் படிவங்களை அடுக்கி ரப்பர் போட்டாள்.

சனிக்கிழமை பட்டியலில் பேனாக்காவுக்கு இரண்டு நாள். சுவரில் இருந்த அவள் எழுத்தெல்லாம் போய், கணினியில் அச்சடித்த தாள்கள் வந்தன. கழிப்பறைப் பக்கம் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க நெலமை உனக்குத் தெரியாதாக்கா" என்று அழுதாள். தெரியும். எல்லோருடைய நிலைமையும் அவளுக்குத் தெரியும், எழுதியதே அவள்தானே. அவளுடைய நிலைமை தெரிந்த ஒருத்தி இருந்திருந்தால் போதும். நிர்வாகம் செய்ததுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை, அவர்களிடம் அவள் எதையும் நம்பிக் கொடுத்து வைத்ததில்லை. கூட நின்றவர்கள் இப்படி ஒரேயடியாகக் கை கழுவிவிட்டார்களே என்பதுதான் வலித்தது.

தையல் அறை நாற்காலி குருவிக்குப் போனது. தம்பிதான் வந்து சொன்னான், அதையும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அடுத்த வாரம், தனக்குக் கிடைத்த இரண்டு நாளில் முதல் நாள், சாப்பாட்டு அறையில் பேனாக்கா ஓரமாகத் தனியாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே யாரோ வந்து நின்றார்கள். குருவி. கையில் நான்கு பக்கப் படிவம் ஒன்று, மாதச் சம்பளத்துக்கு மாறுகிறவர்கள் நிரப்பித் தர வேண்டியது.

"அக்கா, என் எழுத்து கோழிக் கிறுக்கலா இருக்கும். தப்பா எழுதிட்டா வேற தாள் தர மாட்டாங்களாம். இன்னைக்கே குடுக்கணும்." படிவத்தை நீட்டினாள். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

சாப்பாட்டு அறையில் பேச்சு நின்றுவிட்டது. பேனாக்கா அவளையே பார்த்தாள். கோபம் பொத்துக்கொண்டு வரும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கை, பழக்கம், கொண்டைக்குப் போனது. பேனாவை எடுத்தாள், படிவத்தை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"பேரு?"

"அக்கா..."

"பேரு சொல்லு."

குருவி சொன்னாள். ஊரும் பேரும் தெரியாத ஒருத்தியிடம் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள் பேனாக்கா. பிறந்த தேதி, கணவர் பெயர், விலாசம், பிள்ளைகள் எத்தனை. எல்லாம் அவளுக்கே தெரியும். கேட்டுக் கேட்டுத்தான் எழுதினாள். எழுத்து எப்போதும் போல ஒரு கோட்டில் நின்றது. மூன்றாம் பக்கத்தில் வந்து பேனா நின்றது.

"அங்க அடையாளம் கேட்டிருக்கு. மச்சம், தழும்பு, ஏதாவது."

 குருவியின் வலது கை தானாகப் போய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"ஏதாவது ஒன்னு எழுதணும். விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. உடம்புல எங்கயாவது மச்சம் இருக்கா?"

"இல்லை."

"அப்ப?"

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"இடது கையில... முழங்கைக்குக் கீழ" என்றாள் குருவி, காதில் விழாத குரலில். "சூட்டுத் தழும்பு."

பேனாக்கா பேனாவைத் தாளில் வைத்தாள், ஆனால் எழுதவில்லை. "நீ சொல்லித்தானே எழுதறேன்?"

"ஆமாக்கா."

"கேட்டா சொல்லுவியா?"

குருவிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பேனாக்கா பதிலுக்குக் காத்திருக்காமல் அந்த வரியை எழுதினாள். படிவத்தை மடித்துக் கொடுத்தாள். இடைவேளை முடிந்த மணி அடித்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புது ஜோடி காத்திருந்த உருளைக்கு நடந்தாள்.