மூன்றாவது கேபிள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் மலையாள நாட்டில், கிழக்கேகோட்டைப் பக்கம், டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். கீழே ஐந்து கம்ப்யூட்டர், மாடியில் சர்வர். ஐந்தில் ஒன்று மட்டும் சர்வரிடம் பேசாது. ஃபைல் பாதி ஏறி நின்றுவிடும். மற்ற நாலும் அதே நிமிஷத்தில் ஜோராக ஓடும்.

அதில் முன்பு வேலை செய்தவள் பஸ் மோதி இறந்துபோயிருந்தாள். அந்த இடத்துக்கு வந்தவள் போனக்காடு எஸ்டேட்டுத் தமிழ்ப்பெண். வீட்டில் வேலைக்குப் போவது இவள் மட்டும்தான். ஆறு மாதத்தில் ஒழுங்காக ஃபைல் முடித்துக் கொடுத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு.

"அதில் பிரேதம் உண்டு" என்றார்கள் மற்ற பெண்கள். மலையாளத்தில் பிரேதம் என்றால் பேய். என் தமிழ்க் காதுக்கு அது பிணம். அவர்கள் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஓர் உடல் கிடப்பதாகவே தோன்றும்.

மேஜையை மாற்றினோம், வயரை மாற்றினோம். விண்டோஸ் ஏற்ற மாடிக்குத் தூக்கிப்போனபோது சமர்த்தாக வேலை செய்தது. கீழே இறக்கினால் மறுபடி ஊமை. மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டரை அவளைத் தொடவே விடவில்லை.

"சாரே, அதுக்கு என்னை வேண்டா" என்றாள்.

சிரித்தேன். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சோதிக்க எனக்கே தைரியமில்லை. மாடியிலிருந்தபடியே பார்த்து, 'லைனில் கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறாம் மாதக் கடைசி நாள். மாடியில் கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைத் துடைக்கையில் கை பட்டு, கீழ்த்தளத்துக்குப் போகும் நாலில் மூன்றாவது கேபிள் கழன்றது. கீழே ஒரு கூச்சல். அவளுடைய ஃபைல் ஏறிக்கொண்டிருந்தது, யாரும் தொடாமலே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விபத்துக்கு அடுத்த மாதம், இரண்டு தளத்துக்கும் நடுவே நாலு கேபிளை ஒரே லைன் போல ஒன்றாகச் சேர்த்துக் கட்டியவன் நானே. ஸ்விட்ச் சுமையைச் சமமாகப் பங்கு போடுவதில்லை. பேசும் இரண்டு கம்ப்யூட்டர்களின் முகவரிகளைக் கணக்குப் போட்டு, அந்த ஜோடிக்கு ஒரே கேபிளை ஒதுக்கிவிடும். எத்தனை தடவை கேட்டாலும் அதே கேபிள்தான். இவளுக்கும் சர்வருக்கும் விழுந்தது மூன்றாவது. அது உள்ளே நசுங்கியிருந்தது. மாடியில் வைத்தபோது அந்தக் கேபிளே தேவைப்படவில்லை. முழுசாகச் செத்திருந்தால் ஸ்விட்ச் அவளை வேறு கேபிளுக்கு மாற்றியிருக்கும். பச்சை விளக்கு எரிந்ததால் நம்பிக்கொண்டிருந்தது.

கீழே ஓடி எல்லோரிடமும் சொன்னேன். அவள் கையில் ஏற்கெனவே வேலைநீக்கக் கடிதம் இருந்தது.

"அப்ப இத்தனை மாசமும் கேடு லைனிலதான். இல்லைன்னு எழுதினது சார்தானே?"

"ஆமா" என்றேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மற்ற நாலு பெண்களும் என்னையே பார்த்தார்கள். பக்கத்திலிருந்த ஒருத்தி மெல்லத் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.