தடம் தெரியாத கடி

கொள்ளிடக் கரையில், திருமழபாடியில் பிறந்த எங்கள் அப்பா, கரும்பு வெட்டிய கூலியில் படித்து நிலவியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு, பெரம்பலூரிலும் அரியலூரிலும் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அவர்களை வெயிலில் அழைத்துப் போய், "இங்க கடல் இருந்துச்சுன்னு புஸ்தகம் சொல்லுது. நீங்க ஆதாரம் காட்டுங்க" என்பார். கல்லுக்குள் சிப்பி கிடைக்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது. அழுத ஆசிரியர்கள் உண்டு. அப்பா இறந்த துக்கத்துக்கு முதலில் வந்து நின்றவர்களும் அவர்கள்தாம்.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா யாரையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. "எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வியில் அம்மாவின் வாயை அடைத்துவிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு சாயங்காலம், ஜெயங்கொண்டம் வீட்டுக் கொல்லையில் விறகு எடுக்கும்போது காலில் எறும்பு கடித்தாற்போல் இருந்தது என்றார். விறகுக்கடியில் ஒரு வால் நுழைந்ததை அம்மா பார்த்துவிட்டார்.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வந்து காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லு பட்ட தடம் இல்ல, வலி இல்ல, வீக்கம் இல்ல. நீ வாலத்தான பாத்த? கடிச்சதப் பாத்தியா?"

"பாக்கல. பயமா இருக்குங்க."

"பயம் ஆதாரமாயிடுமா?" என்று சிரித்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார்.

கட்டுவிரியன் கடித்தால் தடமும் வலியும் இல்லாமலே போகலாம் என்பது கல்லைப் படித்தவருக்குத் தெரியவில்லை. விடிந்தபோது அவரால் இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நின்ற பங்காளிகளில் ஒருவர், "படிச்ச படிப்பே ஆளத் தின்னுடுச்சு" என்றார். அப்போதுதான் உள்ளே வந்த மருத்துவர், "மெதுவாப் பேசுங்க, அவருக்கு எல்லாம் காதுல விழுது" என்றார். மறுநாள் அப்பா போய்விட்டார்.

கூப்பிட்டதும் காரை எடுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், கடைசிவரை போராடிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாடையைச் சுமந்த ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கட்டிலருகே அந்த வார்த்தையைச் சொன்ன பங்காளிக்கும் அப்பாவின் இந்த நினைவு மலர் வந்து சேரும். அவர் வாசிக்க வேண்டும் என்றே இதை எழுதினேன்.

காரியத்துப் பந்தியில் அவரே அம்மாவைத் தேற்ற வந்தார். "ஒன் பேச்சக் கேட்டிருக்கலாம். நீ சொன்னதுதான சரியாப் போச்சு?"

அம்மா அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அது மட்டும் தப்பாப் போயிருக்கக் கூடாதா?"